தம்பி வண்டிக்கு மாட்டிய பெல்ட்

எஞ்சினுக்குள் வால்வும் பிஸ்டனும் ஒன்றையொன்று இடிக்காமல் ஓடவைக்கிற டைமிங் பெல்ட் அறுந்துபோனால் வண்டிக்காரர்கள் முதலில் பேட்டரியைத்தான் திட்டுவார்கள். பாவம், பேட்டரி என்ன செய்யும்? சாவியைத் திருப்பினால் எஞ்சின் வழக்கத்தைவிட லேசாக, பிடிமானமே இல்லாமல் சுற்றும். அந்தச் சத்தம் போதும், எனக்குத் தெரிந்துவிடும். எங்கள் தெருவில் என்னை ஸ்பேனர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், சார். பட்டறை அப்பாவுடையது. அவர் போன பிறகு பட்டறையையும் தம்பியையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். அவனுக்கு நான் தாய்க்குத் தாய்.

தம்பி மனைவியை எனக்கு ஆகாது என்று அவள் வீட்டார் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது பொய். நல்ல பெண். கிரீஸ் படிந்த என் துணிகளைக்கூட முகம் சுளிக்காமல் துவைத்துப் போடுவாள். ஆனால் அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது.

"மலைக்கு அந்தப் பக்கம்தானே, அக்கா. மாசத்துக்கு ஒரு தடவை வந்துட்டுப் போறோம்" என்றான் தம்பி.

மாதத்துக்கு ஒரு தடவை. கையில் பழப்பையோடு, விருந்தாளி மாதிரி.

கிளம்பும் முன் தன் காருக்குப் பெல்ட்டை மாற்றித் தரச் சொன்னான். மாற்றினேன். வேறொரு வண்டியிலிருந்து கழற்றிப் போட்டிருந்த, எண்ணெய் ஊறிப் பல் தேய்ந்த ஒன்றை எடுத்து மாட்டினேன். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் அறுந்துவிடும் என்பது என் கணக்கு. வண்டி நிற்கும், என்னைக் கூப்பிடுவான். எஞ்சினைப் பிரித்துப்போட்டால் வாரக்கணக்கில் இழுக்கும். அதற்குள் அந்த வேலை வேறு யாருக்காவது போய்விடும். சேதமெல்லாம் எஞ்சினுக்குத்தான். அதை நானே சரிசெய்துவிடுவேன்.

பெல்ட் நான் நினைத்ததைவிட உழைத்துவிட்டது. மலை ஏற்றத்தில், ஒரு வளைவில் அறுந்தது. அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். எஞ்சின் நின்றால் பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும், முழுப் பலத்தோடு மிதித்தால்தான் பிடிக்கும். புதிதாக ஓட்டுகிறவளுக்கு அது எப்படித் தெரியும்? வண்டி பின்னால் உருண்டு சாலைக்குக் குறுக்கே திரும்பியது. மேலிருந்து இறங்கி வந்த லாரி அவள் பக்கத்துக் கதவில் மோதியது. தம்பிக்குக் கை மட்டும் முறிந்தது.

வண்டியை என் பட்டறைக்குத்தான் இழுத்து வந்தார்கள். நார்நாராகக் கிடந்த பெல்ட்டை எடுத்துக் குப்பையோடு போட்டு எரித்தேன். பிறகு எஞ்சினின் மேல்மூடியை, அந்த ஹெட்டைக் கழற்றித் தூக்கினேன். வால்வுகள் வளைந்திருந்தன. அவை இடித்த இடமெல்லாம் பிஸ்டன் தலையில் பிறை பிறையாகத் தழும்பு. தம்பி கட்டுப்போட்ட கையோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"எதனாலக்கா?"

"ஏத்தத்துல கியரைத் தப்பாப் போட்டு முறுக்கியிருக்கா. பெல்ட் தாங்கல."

அவன் அந்தத் தழும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான்தான் அவளுக்கு ஓட்டக் கத்துக்கொடுத்தேன்."

"உன் மேல தப்பு இல்லடா" என்றேன். அது உண்மைதானே, சார்.

அதன்பின் அவன் நன்றாகத்தான் இருந்தான். ஊட்டிவிட்டால் சாப்பிட்டான். பேச்சு மட்டும் நின்றுபோயிற்று. அவள் கை பட்ட வண்டி, விற்கக் கூடாது என்று மட்டும் சொன்னான். நான் புது வால்வுகள் வாங்கி, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் உட்காரும்வரை தேய்த்து, ஹெட்டைச் சமன் செய்து, காற்று கசிகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கட்டினேன். அவசரப்படவில்லை. வீட்டில் ஆள் இருந்தால் வேலைக்கே ஒரு ருசி வந்துவிடுகிறது.

கைக்கட்டைப் பிரித்ததும் அவன் வண்டியைக் கிளப்பிப் பார்த்தான்.

"இந்த வீட்ல மூச்சு முட்டுதுக்கா. அவ ஆசைப்பட்ட ஊர்லயே போய் இருந்துக்கறேன்."

"தாராளமாப் போ. எதுக்கும் இன்னொரு தடவை எல்லாத்தையும் பாத்துத் தர்றேன்" என்றேன்.

லாரிக்காரர் மேல் வழக்கு இருக்கிறது, அவரை விட்டுவிடுங்கள், பிள்ளைகுட்டிக்காரர். ஆனால் நான் ஸ்டேஷனுக்கு வந்தது அதற்காக மட்டும் இல்லை. தம்பி இப்போதுதான் கிளம்பிப் போனான். போனை எடுக்க மாட்டேன் என்கிறான். மலைப்பாதைக்கு ஒரு ஆளை அனுப்பி, வண்டி எங்கே நின்றிருந்தாலும் அவனைப் பத்திரமாக வீட்டுக்குக் கூட்டிவரச் சொல்லுங்கள். நீங்கள் எழுந்து ஓட வேண்டிய அளவுக்கு ஒன்றுமில்லை, சார். இந்தத் தடவை புது பெல்ட்தான் போட்டேன். ஓரத்தில் மட்டும் கத்தியால், அளவாகத்தான் கீறியிருக்கிறேன்.