நெப்போலியனோட முதல் சம்சாரம்

இல்ல சவுரிமுத்து, கரன்ட் வரலன்னு கம்ப்ளெயின்ட் குடுக்க வரல. கரன்ட் ஒழுங்கா வந்துக்கிட்டிருக்கு, அதான் பிரச்சினையே. வர்ற ஞாயித்துக்கிழமை சாயந்தரம் அஞ்சுலேருந்து அஞ்சரை வரைக்கும் எங்க தெரு லைன்ல மட்டும் அது வராம இருந்தா நல்லா இருக்கும். லைன்மேன் நீங்க மனசு வெச்சா நடக்கும். இதப் போயி உங்க ஆபீஸ்ல நாலு பேரு முன்னாடி கேக்க முடியுமா? அதான் டீக்கடைக்குக் கூப்பிட்டேன். பஜ்ஜி எடுத்துக்குங்க, சூடா இருக்கு.

ஆமா, டிவில நான் வர்ற அதே க்விஸ்தான். அதே அரை மணிதான். உங்களுக்கும் சேதி வந்துடுச்சா? அஸ்தினாபுரத்துல தெரியாதவங்க யாரு இருக்கா. குரோம்பேட்டை ஸ்டேஷன்ல சீசன் டிக்கெட் குடுக்கறவர் நேத்து எழுந்து நின்னு கைகுடுத்தார்.

சேச்சே, தோத்துட்டு மறைக்கறேன்னு நெனைக்காதீங்க. ஜெயிச்சேன் சார். ஃபர்ஸ்ட் ப்ரைஸ். வால் கிளாக் குடுத்தாங்க, மணிக்கு மணி பாட்டு பாடுது. ஜெயிச்சவன் எதுக்கு கரன்ட்ட நிறுத்தச் சொல்றான்னு கேக்கறீங்க. நியாயம்தான். மொதல்லேருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். மாஸ்டர், இன்னும் ரெண்டு டீ.

நான் தாம்பரத்துல ஒரு கம்பெனில ஸ்டோர்ஸ் பாக்கறேன். மூவாயிரத்து எண்ணூறு ஐட்டம். எந்த போல்ட் எந்த ராக்ல எத்தனாவது தட்டுல இருக்குன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அதப் பாத்துட்டு என் வீட்லதான் சொன்னா, இவ்வளவு ஞாபகசக்திய நட்டு போல்ட்டுக்குச் செலவு பண்றதுக்கு டிவிக்கு எழுதிப் போடலாமேன்னு. அவளே எழுதினா. ஃபாரம் வந்துச்சு, அவளே பூர்த்தி பண்ணா. எங்க வீட்ல ஃபாரம்னு வந்தா அவ கையெழுத்துதான் எல்லாம். ரேஷனுக்கு, கேஸுக்கு, எல்லாத்துக்கும். நான் அடில கையெழுத்து போடறதோட சரி.

அப்பறம் ஆரம்பிச்சுது பாருங்க பயிற்சி. ஏழு நோட்டு சார். நாலாயிரத்து இருநூறு கேள்வி. பேப்பர் வெட்டி, பழைய புஸ்தகக் கடைல தேடி, பக்கத்து வீட்டு பசங்க பாடப்புஸ்தகத்த வாங்கி, எல்லாம் அவ கைப்பட எழுதினது. நான் குளிக்கப் போனா பாத்ரூம் கதவுக்கு வெளிய நின்னு கேப்பா. புர்கினா ஃபாஸோ தலைநகர் என்ன? நான் சோப்புக் கண்ணோட வாகடூகுன்னு கத்தணும். அக்கம்பக்கத்துல என்ன நெனச்சாங்களோ. சாப்பாட்டுல இன்னும் மோசம். துருவக் கரடிக்குத் தோல் என்ன கலர்னு சொன்னாத்தான் மோர். வெள்ளைன்னு சொல்லி ஒரு நாள் சாம்பார் சாதத்தோட எழுந்துட்டேன். தோல் கருப்பாம் சார். முடிதான் வெள்ளை.

ஒண்ணு சொல்லணும். நல்லாத்தான் இருந்துச்சு. கல்யாணமாகி பத்தொம்பது வருஷம். குழந்தை குட்டி இல்ல. சாயந்தரம் வந்தா அவ அடுப்படில, நான் ஈஸி சேர்ல. என்ன பேசறது, சொல்லுங்க. இந்த ஆறு மாசம் பேசினது பேச்சு. எல்லாம் நைல் நதி, வியாழன் கிரகம்னுதான். இருந்தாலும் பேச்சுதானே.

பஸ்ஸர் அமுக்கிப் பழகணும்னு வாசல் காலிங் பெல்ல கழட்டி சாப்பாட்டு மேசைல மாட்டினா. அன்னிக்கு ராமேஸ்வரம் பாலம் எத்தன அடி நீளம்னு கேட்டா, நான் அவசரத்துல அமுக்கினேன், புகை வந்துச்சு, தெருவே இருட்டாயிடுச்சு. அதே ராத்திரிதான் சார், நீங்க ஏணியோட வந்தீங்களே. உங்களுக்கு டார்ச் அடிச்சுக்கிட்டே என்கிட்ட அடுத்த கேள்வி கேட்டாளே, அவதான். நீங்ககூட ஒரு பதில் சொன்னீங்க, தப்பு. அத அவ இன்னும் ஞாபகம் வெச்சிருக்கா.

போன மாசம் ரெகார்டிங். நானும் அவளும் ட்ரெயின்ல போயி, பார்க் ஸ்டேஷன்ல இறங்கி, பஸ் புடிச்சு டிவி ஸ்டேஷன் போனோம். கலந்துக்கறவங்க நாலு பேரு. அதுல ஒருத்தங்க தாம்பரத்துல டீச்சர், செல்வமேரின்னு பேரு. எங்க எல்லாரையும் ரிசப்ஷன்ல அரை மணி நேரம் உக்கார வெச்சாங்க. நான் கண்ண மூடி நதிங்களச் சொல்லிக்கிட்டிருந்தேன். அந்த அரை மணில என் வீட்லயும் செல்வமேரி டீச்சரும் தோள்ல கை போடாத குறை. ஊரு என்ன, எத்தன பேரு கூடப் பொறந்தாங்க, முழங்கால் வலிக்கு என்ன தடவறீங்க, எல்லாம் ஆயிடுச்சு. அப்பறம் எங்க நாலு பேர மட்டும் உள்ள கூப்பிட்டாங்க. கூட வந்தவங்க வெளியதான் இருக்கணும்னுட்டாங்க. உள்ள கைதட்ட ஏதோ காலேஜ் பசங்கள கூட்டிட்டு வந்திருந்தாங்க. அவ வெளிய பெஞ்ச்ல உக்காந்துட்டா, மடில ஏழு நோட்டு.

கேள்விங்க? தூசி சார். பாதிக்கு மேல நோட்டுல இருந்தது. கடைசில நானும் டீச்சரும் சமமா நிக்கறோம். ஒரே ஒரு கேள்வி. நெப்போலியனோட முதல் சம்சாரம் பேரு என்ன? அமுக்கினேன். ஜோசஃபின். அதோட விட்டேனா, ரெண்டாவது சம்சாரம் மரி லூயிஸ்னு அதையும் சேத்துச் சொன்னேன். பசங்க விசில் அடிச்சாங்க. அந்த ரெண்டு பேரையும் அவ எனக்கு இட்லிக்கு மாவு கரைச்சுக்கிட்டே சொல்லிக் குடுத்தது.

இன்னும் என்ன குறைன்னுதானே கேக்கறீங்க. வர்றேன். ஞாயித்துக்கிழமைக்கு எங்க தெருவுல என்ன நடக்குதுன்னு மொதல்ல கேளுங்க. அசோசியேஷன்ல நாப்பது நாற்காலி வாங்கியாச்சு. எங்க டிவிய வாசல்ல வெக்கப் போறாங்க. பிரசிடென்ட் ஸ்ரீரங்கன் எனக்கு சால்வை போடறார். பக்கத்து வீட்டு பாலாம்பாள் மாமி சுண்டல். முடிச்சூர்லேருந்து மச்சினி குடும்பத்தோட வர்றா. நம்ம ஒரு வீட்டு ஃபியூஸப் புடுங்கினாப் போதுமேன்னு சொல்லாதீங்க, அடுத்த வீட்டு டிவியத் தூக்கிட்டு வந்துடுவாங்க. தெருவே அணையணும். அஞ்சரைக்கு படம், அதுக்குள்ள திருப்பிக் குடுத்துடலாம். இல்லேன்னா உங்களையும் என்னையும் அதே நாற்காலியால அடிப்பாங்க.

சரி. சொல்லிடறேன். சிரிக்கக் கூடாது.

ப்ரோக்ராம் ஆரம்பத்துல ஒரு அறிமுகம் வெப்பாங்கல்ல. பேரு, ஊரு, வேலை. நடத்தறவர் மொதல்ல என்கிட்ட வந்தார். வைத்தீஸ்வரன், அஸ்தினாபுரம், ஸ்டோர்ஸ். டக்டக்னு சொன்னேன். உங்களுக்குப் பயிற்சி குடுத்தது யாருன்னார். என் வீட்லன்னேன். சந்தோஷம், அவங்க பேரு என்னன்னார்.

வரல சார்.

எப்படின்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன். கூப்பிட்டதே இல்லையே. இந்தான்னா வருவா. ஏய்ன்னா திரும்புவா. வெளில பேசினா என் வீட்லம்பேன். எங்க அம்மா இருந்தவரைக்கும் இவளேன்னு கூப்பிட்டாங்க. அவ பொறந்த வீட்ல குஞ்சு. முழுப் பேரு கல்யாணப் பத்திரிகைல பாத்தது. லைட்டு எல்லாம் மூஞ்சில அடிக்குது. கேமரால செவப்பு பல்பு எரியுது. மண்டைக்குள்ள மூவாயிரத்து எண்ணூறு ஐட்டமும் நாலாயிரத்து இருநூறு பதிலும் கிடுகிடுன்னு ஓடுது, இது ஒண்ணு மட்டும் எந்தத் தட்டுலயும் இல்ல. நடத்தறவர் சிரிச்ச முகமாவே நிக்கறார். பதில் தெரியலேன்னா என்ன சொல்லணும்னு ஆறு மாசமாப் பழக்கி வெச்சிருக்கா இல்ல? வாய் தானாச் சொல்லிடுச்சு.

பாஸ்.

அதான் சார். பொண்டாட்டி பேருக்கு பாஸ்னுட்டேன். அதோட முடிஞ்சுதா? அடுத்து உக்காந்திருந்தது செல்வமேரி டீச்சர். கேள்வி அவங்களுக்குப் போயிடுச்சுன்னு நெனச்சாங்களோ என்னவோ, பஸ்ஸர அமுக்கிட்டாங்க. அபிதகுஜாம்பாள். அட்சர சுத்தமா சொன்னாங்க சார். அரை மணி நேரப் பழக்கம். காலேஜ் பசங்க கூரை பிச்சுக்கற மாதிரி கைதட்டினாங்க. நடத்தறவர் சரியான விடைன்னு சொல்லி அஞ்சு மார்க் போட்டார். நெசமாவே போர்டுல ஏறிடுச்சு. அந்த அஞ்சு மார்க்காலதான் கடைசில சமமா வந்து நின்னோம்.

முடிஞ்சதும் அந்த இடத்த மட்டும் வெட்டிடுங்கன்னு கெஞ்சிப் பாத்தேன். சார், அதான் உயிரு, அத வெட்டினா ப்ரோக்ராம்ல என்ன இருக்குன்னுட்டாங்க. டீச்சர் பாவம், அழுதுட்டாங்க. நான் சொல்ல மாட்டேன் சார், ஆனா டிவி சொல்லுமேன்னாங்க.

அவகிட்ட சொன்னேனாவா? அங்கதானே தப்பு பண்ணேன்.

வர்றப்போ ட்ரெயின்ல அவ மடில வால் கிளாக். கிண்டி தாண்டினதும் மெதுவா, குடும்பத்தப் பத்தி கேட்டாரான்னா. கேட்டார்னேன். ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு, என் பேரச் சொன்னேளான்னா. நான் என்ன சார் பண்ணுவேன். சொன்னேன்னு சொல்லிட்டேன். முழுப் பேருமான்னா. முழுப் பேரும்னேன். அதுக்கப்பறம் குரோம்பேட்டை வர்றவரைக்கும் கடியாரத்தோட கண்ணாடிய முந்தானையால தொடச்சுக்கிட்டே வந்தா. ஒரு அழுக்கு இல்ல அதுல.

நாப்பது நாற்காலி எனக்காகன்னா நெனச்சீங்க? நான் ஜெயிச்சத அவ யார்கிட்டயும் சொல்லல. டிவில என் பேர சொல்றார், வந்து கேளுங்கோன்னுதான் வீடு வீடாப் போயி கூப்பிட்டிருக்கா. மச்சினி அதக் கேக்கத்தான் முடிச்சூர்லேருந்து வர்றா. பேரு டிவில வரும்ங்கறது என்னவோ நெசம்தான். சொல்றது நானில்லன்னுதான் ஒரு சின்ன வித்தியாசம்.

இப்ப நல்லா வருது சார். ராக்குக்கு நடுவுல வருது, பிளாட்பாரத்துல வருது, மொட்டை மாடில துணி காயப் போடறப்போ சத்தமாவே சொல்லிப் பாக்கறேன். எட்டு எழுத்து. அவ எதிர்ல வந்து நின்னா இந்தாதான் வருது.

அப்ப செய்யறீங்களா? நீங்க நல்லா இருக்கணும். காரணமா? இருக்கே. எங்க முருங்கை மரம் லைன்ல உரசிக்கிட்டு நிக்குது, கிளை வெட்டணும், லைன ஆஃப் பண்ணுங்கன்னு லெட்டர் குடுத்தா நீங்க வரணும்ல? கரெக்டா அஞ்சு மணிக்கு வாங்க. பேப்பர்கூட கொண்டாந்துட்டேன். நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்.

கரன்ட் சர்வீஸ் யார் பேர்ல இருக்கா? மாமனார் வாங்கிக் குடுத்த வீடு, அவ பேர்லதான். மீட்டர் கார்டு? வீட்லன்னா இருக்கு. அவதான் எழுதின மாதிரி இருக்கணுமா? சரி, எழுதறேன். இப்படிக்கு. அ, பி, த. ஆச்சு, முழுசா எழுதிட்டேன் பாருங்க. என் கையால இந்தப் பேர எழுதறது இதான் மொதல் தடவ சவுரிமுத்து. நல்லாத்தான் இருக்கு பாக்கறதுக்கு.

இனிஷியலா?

கார்டுல இருக்கற மாதிரியே இருக்கணுமா? வை-யா இருக்கும். இல்ல, மாமனார் வாங்கினது, அவர் பேரு போட்டிருப்பாரோ. தசரதன், த. அவ கையெழுத்து போடறப்போ முன்னாடி என்னவோ சுழிப்பா, நான் கவனிச்சதில்ல. இதுக்கு பாஸ் சொன்னா பக்கத்துல டீச்சரும் இல்ல.

நீங்க டீ சாப்பிடுங்க. நான் போயி அவளையே கேட்டுட்டு வர்றேன். எதுக்குன்னு கேப்பா. கேக்கட்டும், இந்தப் பேப்பரக் காட்டறேன்.