கடைசி ஆளு இறங்குறவரைக்கும்

நான் ஏறமாட்டேன்னு சொல்லவே இல்லியே தம்பி. ஏறத்தான் போறேன். மொதல்ல இந்த டீயக் குடிங்க. என்ன, மொகத்த அப்படிச் சுளிக்கிறீங்க? வெண்ணெய் கூடிப்போச்சா? காத்மாண்டுல வளந்த புள்ளைங்களுக்கு எங்க உப்பு டீ எங்க பிடிக்குது! அதுக்காகக் கீழ வெச்சுடாதீங்க. இந்தக் குளிர்ல வெறும் வயித்தோடயா ஹெலி ஓட்டுறது?

பொகையா? இல்ல, அத அணைக்க முடியாது. உங்க விசிறிக் காத்துல தணல் பறக்கும், கூடாரம் பத்திக்கும், எல்லாம் தெரியுது. கல்ல அடுக்கி மூடி வெக்கிறேன், பறக்காது. ஆனா அணைக்கமாட்டேன். பைலட்டா இருந்தாலும் நீங்க ஊருக்குப் புதுசு, உங்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டாங்க. மலை மேல நம்ம ஆளு ஒருத்தன் இருந்தாக்கூட, கீழ முகாம்ல இந்தச் சுக்பா தழை பொகைஞ்சுக்கிட்டே இருக்கணும். கடைசி ஆளு இறங்கி வந்து இந்தக் கல்லுமேடையத் தொட்டுக் கும்பிட்ட பெறகுதான் அணைக்கலாம். சமைக்க வர்றவ நான், பொகையும் எம் பொறுப்பு.

ஆமா, இனி இறங்கி வர யாரும் இல்லன்னுதான் உங்ககிட்ட சொல்லியிருப்பாங்க. மலையேற வந்த அந்த லீடர் தொரை நேத்து கெளம்பும்போது, சட்டியோட தண்ணிய எடுத்துவந்து அவரே ஊத்தினாரு. மூக்கு கருத்துப்போயி, அழுதுகிட்டே ஊத்தினாரு, பாவம். நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி எங்க பாஷையில திட்டினேன். அவரு கைய எடுத்துக் கும்பிட்டு, நன்றின்னு சொல்லிட்டுப் போயி ஹெலியில ஏறிட்டாரு. அந்தப் பக்கம் போனதும் நான் திரும்பப் பத்த வெச்சேன்.

எம்புள்ள கெல்ஜே இன்னும் இறங்கலியே தம்பி. எப்படி அணைக்கிறது?

அந்தத் தொரைய முன்னால இறக்கிவிட்டுட்டு இவன் பின்னால வந்திருக்கான். பனி சரிஞ்சு கயித்த வாரிக்கிட்டுப் போயிடுச்சு. தேடுறேன்னு திரும்ப ஏறின நம்ம பசங்க, கால்விரல் செத்துத்தான் வந்தாங்க. அதுல உர்கென் கால வெந்நீர்ல வெச்சேன், சூடே தெரியல அத்தேன்னு சிரிக்கிறான், லூசுப்பய. அவங்களயும் நீங்கதானே கொண்டுபோயி ஆசுபத்திரியில விட்டீங்க? இனி யாரு போறது? அவ்வளவு ஒசரம் ஏறி எறங்க இப்ப இந்தப் பள்ளத்தாக்குலயே ஆளு கெடையாது.

ஐயோ, உங்களக் குத்தம் சொல்லல. நேத்து நீங்க பறந்து பாத்ததக் கண்ணால பாத்தேனே. அந்த ஒசரத்துல காத்துக்குக் கனமே கெடையாது, உங்க வண்டி எதப் பிடிச்சு நிக்கும்? எங்க வீட்டுக்காரரு இதே மலையில செத்த வருஷமும் ஒரு பைலட்டு இப்படித்தான் கைய விரிச்சாரு. அவரும் நல்ல மனுஷன்தான்.

அப்பன் போன எடத்துக்கு மகன ஏன் அனுப்பினேனா? நல்லாக் கேட்டீங்க. நான் சொன்னா கேக்கிற ஆளா அவன்? உச்சிக்குப் போனா தொரைங்க கொடியப் பிடிச்சு போட்டோ எடுப்பாங்க. இவன் அங்கேருந்து ரேடியோல என்னக் கூப்பிட்டு, இன்னிக்கு என்ன கொழம்புன்னு கேப்பான். எரும மாடு. கீழ ஊர்ல, பேடிங்ல, மருமக ஒக்காந்து வழி பாத்துகிட்டிருக்கா. அவ மொகத்துல நான் எப்படி முழிப்பேன்னு தெரியல தம்பி.

அத ஏன் பாக்கறீங்க? ஆமா, ரேடியோதான். தொரை விட்டுட்டுப் போனது.

காலையில பேசினான்.

நெஜமாத்தான். மாவு பெசஞ்சுகிட்டிருந்தேன், அம்மான்னு சத்தம். மூணாவது முகாமுக்கு மேல, ஒரு பாறை இடுக்குல ஒண்டிக்கிட்டிருக்கானாம். தொடை முறிஞ்சிருக்கு, கையுறை இல்ல. வலிக்குதாடான்னு கேட்டேன். வலிக்கலியாம். வெயிலு கதகதன்னு அடிக்குது, சட்டையக் கழட்டலாம்போல இருக்குன்னான். அது வெயிலே விழாத பக்கம் தம்பி. இத்தன வருஷமா முகாம்ல இருக்கேன், அப்படிப் பேசினவங்க ஒருத்தரும் இறங்கி வந்ததில்ல. யாராச்சும் வர்றாங்களாம்மான்னு கேட்டான். அதுக்கப்புறம் எவ்வளவு கத்தினாலும் பதில் இல்ல.

உக்காருங்க. காத்மாண்டுக்கெல்லாம் பேச வேணாம். அங்கேருந்து ஆளு வந்து ஏறுறதுக்கு நாளைக்காகும். அவனுக்கு இன்னிக்குச் சாயங்காலமே கெடையாது.

சரி, வாங்க போலாம். கூடாரம், பாத்திரம் எதுவும் எடுக்க வேணாம், வண்டி கனக்கும். என்னைய வேணும்னா இங்கயே விட்டுட்டுப் போங்க, பரவால்ல. நீங்க மட்டும் அந்த முகட்டுப் பக்கமா, வண்டி எவ்வளவு ஒசரம் தாங்குமோ அவ்வளவு ஒசரம் போயி, ஒரு சுத்து சுத்திட்டுப் போங்க. இறங்க வேணாம், தேடக்கூட வேணாம். சத்தம் அவன் காதுல விழுந்தாப் போதும். ஹெலி கெளம்பிடுச்சுடா, உன்னத் தூக்கத்தான் வருதுன்னு நான் சொல்லிப்புட்டேன்.