ஜெப லிஸ்ட்டில் ஒரு பெயர்

சிங்கப்பெருமாள் கோவிலில் கிளம்பிய ஷேர் ஆட்டோ, பனியில் மிதப்பது போல ஒரகடம் போய்க்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடியிருந்தேன். என் காது எந்நாளும் மூடியதில்லை. எதிரே கம்பெனி சட்டை போட்ட இரண்டு பெண்கள்.

"அந்தப் புள்ளைக்கு இனிமே ஜெபம் பண்ணாதீங்கன்னு பாஸ்டராண்ட சொல்ட்டேன்க்கா."

"அடிப்பாவி! தாய் தகப்பன் இல்லாத புள்ளடி!"

"வாராவாரம் 'திக்கற்ற பிள்ளைகள்'னு லிஸ்ட்டு வாசிக்கிறாரு. எங்க வூட்ல வளர்ற புள்ள, என் பக்கத்துல குந்திகினு கேக்குது. அப்ப நான் இன்னா, செவுரா?"

"திக்கற்றவங்கள விசாரிக்கணும்னு வேதத்துலயே சொல்லிகீதே."

"அதுக்குத்தான வூட்டுக்கே இட்டாந்தேன்? பேர வாசிச்சா தலையத் தொங்கப் போட்டுக்குது."

"பாஸ்டர் இன்னா சொன்னாரு?"

"இந்த வாரம் எங்க குடும்பத்துப் பேருங்களோட அது பேரையும் சேத்து வாசிச்சாரு. எல்லாருக்கும் முன்ன அதுதான் சத்தமா ஆமென் சொல்லிச்சு."