பெட்டி போடாத எச்சரிக்கை

— ஆறிடும், குடிங்க. இடது கையால பிடிச்சுக்கங்க.

— அங்க வை. நாளைக்கு விசாரணையில நீ என்ன சொல்லப்போறேன்னு கேட்டேன்.

— உங்க தாள் வெட்டற மெஷினுக்கு எங்க ஆபீஸ்ல நான் பண்ண புஸ்தகத்தைப் பிரிச்சு, பக்கத்தைக் காட்டப்போறேன்.

— ஃபேக்டரிக்காரனும் அதே பக்கத்தைத்தான் காட்டுவான். எச்சரிக்கை இருக்கு, இவன்தான் கையை விட்டான்னு.

— இருக்குங்க. "சிக்கிய தாளை எடுக்கும் முன் மெயின் சுவிட்சை அணைக்கவும்." ஆனா சாதா வரியா இருக்கு. மத்த எச்சரிக்கையெல்லாம் சிவப்புப் பெட்டிக்குள்ள.

— அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?

— கம்ப்யூட்டர்ல எக்ஸ்எம்எல்னு ஒரு முறை இருக்கு, அதுல நாங்க ஒவ்வொரு பத்திக்கும் பேர்தான் வைப்போம். இது தலைப்பு, இது செய்முறை, இது எச்சரிக்கைன்னு. நிறம், பெட்டி, எழுத்தோட அளவு எல்லாம் வேற ஃபைல்ல இருக்கும். அதை ஸ்டைல்ஷீட்டுன்னு சொல்வோம்.

— பொண்ணு ஒரு வீட்ல, நகை ஒரு வீட்ல.

— இப்பவும் கிண்டலா?

— வேற என்ன பண்றது. நீ சொல்லு.

— எச்சரிக்கைன்னு சரியாத்தான் பேர் வச்சேன். ஆனா அதை ஒரு செய்முறைக்குள்ள வச்சுட்டேன். தனியா நிக்கிற எச்சரிக்கைக்கு மட்டும்தான் ஸ்டைல்ஷீட்ல பெட்டி போட்டிருந்தேன். உள்ள வந்தா எப்படின்னு எழுதவே இல்ல. வெறும் வரியா அச்சாயிடுச்சு.

— யாரும் பாக்கலையா?

— பிழை திருத்தறவர் எழுத்தைப் பாத்தார். எழுத்துல தப்பே இல்லையே.

— ம்.

— கத்துங்களேன். மூணு விரல் போயிருக்கு. என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கறீங்க.

— கத்தினா முளைக்குமா?

— எனக்கு அழுகையும் வரல. உள்ள எல்லாம் மரத்துப்போச்சு. சோறு வடிக்கிறேன், துணி மடிக்கிறேன், அவ்வளவுதான்.

— உங்க மேனேஜர் என்ன சொன்னாரு?

— வாயைத் திறந்தா மறுநாள் வேலைக்கு வராதேன்னாரு.

— அப்புறம் ரெண்டு பேரும் மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கலாம்.

— உக்காருவோம். பெட்டி இருந்திருந்தா உங்க கண்ணுல பட்டிருக்கும், அணைச்சிருப்பீங்க. என் தப்பை உங்க தலையில எழுத நான் விடமாட்டேன்.

— போகாத.

— போவேங்க.

— சொன்னாக் கேளு. மெஷின் வந்த புதுசுல அந்தப் புஸ்தகத்தைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன். என் வீட்டுக்காரி பண்ணதுன்னு ஒருத்தன் விடாம காட்டினேன்.

— அதுக்கென்ன இப்ப?

— அந்த வரியைப் படிச்சேன்டி. பக்கத்து மெஷின்காரனுக்கும் சத்தமாப் படிச்சுக் காட்டினேன். அணைச்சா மறுபடி ஓட்ட நேரமாகும்னு நான்தான் அணைக்கல.