சேர்வரைக் கழற்றிய பிறகு

உப்புவெளியிலிருந்து திருகோணமலை நகரத்துக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு இளம்பெண்கள் இருந்தார்கள். ஜன்னல் பக்கம் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"ஒபிஸில மெயில் சேர்வரைக் கழற்றிப்போட்டாங்கள். இனி நான் நிம்மதியாக் கலியாணம் கட்டலாம்."

"உனக்கென்ன பைத்தியமே?" என்று சிரித்தாள் தோழி.

"பின்ன? மெயில் நிண்டால் என்னைத்தானே கூப்பிடுவினம். மாப்பிள்ளை வீட்டார் பொம்பிளை பார்க்க வந்த அண்டைக்கும் பலகாரத் தட்டை அம்மான்ர கையில குடுத்திட்டு ஓடினனான். நிச்சயதார்த்தம் நடக்கேக்கையும் அப்பிடித்தான். பட்டுச்சீலையோட ஒபிஸில அந்தச் சேர்வர்ப் பெட்டிக்கு முன்னால நிலத்தில இருந்தனான்."

"இப்ப மெயிலை ஆர் பாக்கிறது?"

"கொழும்பில ஒரு கொம்பனிக்குக் குடுத்தாச்சு. பழுதானால் அவையள்தான் திருத்தவேணும்."

"அப்ப உன்ர வேலை?"

"நானும் அதுக்குத்தான் பயந்தனான். மற்றக் கம்பியூட்டரெல்லாம் ஆர் பாக்கிறது எண்டு மனேஜர் சிரிக்கிறார்."

அப்போது அவளுடைய போன் அடித்தது. பார்த்ததும் முகம் மாறியது. "மனேஜர்தான்" என்று தோழியிடம் காட்டிவிட்டு எடுத்தாள்.

"சொல்லுங்கோ சேர்... மெயில் வருகுதில்லையோ? கொம்பனிக்கு எடுங்கோ சேர்... இல்லை சேர், வர ஏலாது. நான் கூறைச்சீலை எடுக்கப் போறன்."

போனை வைத்தவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எடியே, நீ சேருக்கு ஏலாதெண்டு சொல்லிப்போட்டாய்!"

"ஓமடி," என்றாள், மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு. "திருப்பி எடுத்து இன்னொருக்காச் சொல்லட்டே?"