வழிய ஊற்றிய கிண்ணம்

— அணையப் பார்க்க வந்தோமா, அந்தப் படியப் பார்க்க வந்தோமா மாமா? வந்ததுலேருந்து கழுத்த நீட்டிக்கிட்டே இருக்கீங்க.

— போறவங்க வர்றவங்கள பார்க்கறேன், கேட்டியா. ஞாயித்துக்கிழமைன்னா தாஷ்கண்டே இங்க வந்து விழுந்து கெடக்குது.

— அத்தை போனதுலேருந்து வாசப்படி தாண்டாத மனுஷன், திடீர்னு "பர்னோ, சம்சா பண்ணு, அணைக்குப் போலாம்"ங்கறீங்க. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நான் பயந்தே போயிட்டேன்.

— உடம்புக்கு ஒண்ணும் கேடில்ல. தண்ணியப் பார்க்கணும்னு தோணிச்சு.

— தண்ணி எங்க இருக்கு? பாதிக்கு மேல வெறும் கரைதான் தெரியுது. பனி விழுந்தாத்தானே தண்ணி வரும். அங்க பாருங்க, மிதிக்கிற படகெல்லாம் சேத்துல உக்காந்திருக்கு.

— சாப்பிடு, பேசாம.

— நான் சாப்பிட்டாச்சு. நீங்கதான் ஒரே சம்சாவ உருட்டிக்கிட்டு இருக்கீங்க. வீட்டுலன்னா என் தட்டயும் சேர்த்துக் காலி பண்ற ஆளு.

— உனக்கு வாய் நீளம்.

— உங்க வீட்டுக்கு வந்துதான் நீண்டுச்சு. ஆனா மாமா, இந்தத் தப்சான் கட்டில் நமக்கு ரொம்பப் பெரிசு. ஒரு குடும்பமே ஏறிக் காலை நீட்டிக்கலாம். வாடகைக்கு விடற அம்மா, "மத்தவங்க எப்ப வருவாங்க"ன்னு கேட்டாங்க. மத்தவங்கன்னு யாரும் இல்லைன்னேன். அவங்க ரெண்டு தலகாணி சேர்த்துப் போட்டுட்டுப் போனாங்க.

— ஒரு காலத்துல எனக்கே இங்க உக்கார இடம் கெடைக்காது, கேட்டியா. எம் புள்ள ஷெர்ஸோத் என் மடியில கெடப்பான்.

— ஆரம்பிச்சுட்டீங்களா? இருங்க, கெட்டில்ல வெந்நீர் ஆறிப்போச்சு. புடிச்சிட்டு வரேன். அடுப்பங்கிட்ட வரிசை நீளமா இருக்கு, நேரமாகும். இந்தப் பழைய டீயத் தொடாதீங்க, பீங்கான் குடுவையில புதுசாப் போட்டது இருக்கு.

— போ, போ. அவசரமில்ல. மெதுவா வா.

— அஸ்ஸலாமு அலைக்கும், நூர்மத் ஐயா. நான் மௌலூதா. போன்ல பேசினேனே.

— வ அலைக்கும் அஸ்ஸலாம். வாங்கம்மா, மேல ஏறி உக்காருங்க. ரொட்டி எடுத்துக்கோங்க. உங்க தம்பி வரலையா?

— அதோ, படிக்கு மேல பார்வை மேடையில நிக்கிறான். தூரக்கண்ணாடியில மலையப் பார்க்கறான்னு பேரு, இந்தத் தப்சானத்தான் பார்த்துக்கிட்டிருக்கான். தப்பா நினைக்காதீங்க. மலைப் பாதையில பஸ் ஓட்டறவன், ஒரு சலாம் சொல்லக் கீழ இறங்க வெக்கப்படறான்.

— வெக்கம் இருக்கட்டும், நல்லதுதான்.

— பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?

— இல்ல. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க பார்த்து, ஒத்து வந்தா சொல்லலாம்னு இருக்கேன்.

— எந்த மாமனாரு ஐயா இப்படிச் செய்வாரு? உங்க மகன் அங்க ரஷ்யாவுல...

— அவன் பேச்ச விடுங்கம்மா. வேல செய்யப் போனவன் அங்கயே ஒருத்தியக் கட்டிக்கிட்டான். இவள போன்லயே தலாக் சொல்லி முடிச்சுட்டான். அன்னைக்கும் இவ எனக்கு சூப்பு வச்சு, முன்னாடி வச்சுட்டுத்தான் அழறதுக்குக் கொட்டகைக்குப் போனா. பொறந்த வீட்டுக்குப் போம்மான்னேன். உங்க மாத்திரைய யாரு எடுத்துத் தருவான்னா.

— அவ எங்க வீட்டுக்கு வந்துட்டா, உங்களுக்கு யாரு இருக்கா?

— எனக்கென்ன? ரேடியோ இருக்கு. கோழிங்க இருக்கு. நாளெல்லாம் வம்பு பேசுதுங்க. கிண்ணத்த இப்படிக் குடுங்க, டீ ஊத்தறேன்.

— நீங்க கவலைப்படாதீங்க ஐயா. தம்பி இப்ப எங்க ஊருப் பாதைக்கே மாத்தல் வாங்கிட்டான். கொஞ்சம் தூரந்தான், கணவாய்க்கு அந்தப் பக்கம். பனி விழுந்தா பாதைய மூடிருவாங்க. ஆனா நவ்ரூஸ் பண்டிகைக்குப் பண்டிகை கண்டிப்பா உங்ககிட்ட கூட்டிட்டு வருவான்.

— நவ்ரூஸுக்கா?

— வருஷத்துக்கு ஒரு தடவ தவறாம... போதும் ஐயா. ஐயா, நிறைஞ்சிருச்சு. ஐயா!

— குடிங்க. சூடா இருக்கு.

— விரிப்பெல்லாம் வழியுது.

— குடிங்கம்மா.

— புரிஞ்சுது ஐயா. நான் தப்பா நினைக்கல, நீங்களும் நினைக்காதீங்க. தம்பி தைரியம் வந்து கீழ இறங்கிடறதுக்குள்ள நான் மேல போயிடறேன்.

— மாமா, வெந்நீர் கொண்டாந்துட்டேன். யாரு அந்த அம்மா, படியேறிப் போறது? என்னத் தாண்டித்தான் போனாங்க, நிமிர்ந்துகூடப் பார்க்கல.

— யாரோ வழி கேட்டாங்க.

— வழி கேட்டவங்களுக்கு ரொட்டி பிச்சு வச்சிருக்கீங்களே. இதென்ன கோலம்? கிண்ணம் தளும்பத் தளும்ப நிக்குது, ஒரு வாய்கூடக் குடிக்கல.

— கை நடுங்கிருச்சு. வயசாகுது, கேட்டியா.

— நேத்துதான் கண்ணாடி போடாம ஊசியில நூல் கோத்துக் குடுத்தீங்க. மாமா, வந்தவங்களுக்கு அரைக் கிண்ணம் ஊத்தினா, இருங்க, இன்னும் ஊத்தறேன்னு அர்த்தம். வழிய ஊத்தினா, எந்திரிச்சுப் போன்னு அர்த்தம். இது தொட்டில் புள்ளைக்குக்கூடத் தெரியும். அவங்கள நீங்க போகச் சொல்லிட்டீங்க.

— உக்காரு, பர்னோ. சொல்றேன்.

— நின்னுக்கறேன். சொல்லுங்க.

— உன்னப் பொண்ணு கேட்டாங்க. நான்தான் இங்க வரச் சொன்னேன். நல்ல இடம். விடுடா நூர்மத், அவ வாழ வேண்டிய பொண்ணுன்னு எனக்கு நானே சொல்லிச் சொல்லித்தான் கிளம்பி வந்தேன். வருஷத்துக்கு ஒரு தடவன்னு அந்த அம்மா சொன்னாங்க. அவ்வளவுதான். விடிஞ்சா யாரு மொகத்துல முழிப்பேன்னு பயம் வந்திருச்சு. கை நடுங்கலம்மா. நான்தான் ஊத்தினேன். திட்டணும்னா திட்டிடு.

— அவரு மேலதான் இன்னும் நிக்கிறாரா?

— யாரு?

— ஃபர்ரூஹ்.

— பேரு உனக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவே இல்லியே.

— வாராவாரம் சந்தைக்கு அவரு பஸ்லதான் போயிட்டு வந்தேன் மாமா. உங்க வாயால சரின்னு சொன்னாத்தான் வருவேன்னு அவருகிட்டச் சொல்லி, அவங்க அக்காவ உங்ககிட்ட அனுப்ப வச்சதே நான்தான்.