நாலங்குலம்

இந்த அறைக்கு ஜன்னல் போதாது, ஐயா. தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது வெளிச்சத்துக்கு விட வேண்டும் என்பது விதி. குறையாகச் சொல்லவில்லை. எங்கே போனாலும் கண் தானாக அளந்துவிடுகிறது. தலை நரைக்கும்வரை நகராட்சியில் கட்டட அனுமதிப் பிரிவில் இருந்தவனுக்கு அது போகாது. இந்த ஊரில் யார் ஒரு செங்கல் வைப்பதென்றாலும் என் மேசைக்கு வந்தாக வேண்டும். யாரிடமும் நான் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

மெத்தைக்காரர் கேட்டது ஒரு மாடிப்படி. கீழே கடை, பஞ்சும் நுரையும் கூரைவரை அடுக்கியிருக்கும். மேலே அவரும் மனைவியும் மகளும். ஏறி இறங்க, கடைக்குள்ளேயே ஒரு மரப்படி. பக்கத்துச் சந்தில் வெளிப்புறமாக ஓர் இரும்புப்படி வைக்க அனுமதி வேண்டும் என்று விண்ணப்பித்தார். "கீழ ஒரு பொறி விழுந்தா மேல இருக்கறவங்களுக்கு வேற வழியில்ல சார்," என்றார். நியாயமான கோரிக்கைதான். நானே அப்படித்தான் நினைத்தேன்.

அளக்கப் போனேன். மனையின் அகலம் பத்திரத்தில் இருக்கும். வீட்டை அளந்து அதில் கழித்தால் மிச்சம் சந்து. சந்தில் எப்போதும் தட்டுமுட்டுச் சாமான் கிடப்பதால் எங்கள் வழக்கம் அது. கழித்துப் பார்த்தால், படிக்கு விதி கேட்கும் அகலத்தில் நாலங்குலம் குறைந்தது. முடியாது என்றேன். டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த மெத்தைக்காரர் அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். உங்க டேப்பு நாலுலதான் ஆரம்பிக்குது. முன்னாடி இருந்தது உடைஞ்சு போச்சு. அதான் வீட்ட நாலங்குலம் கூடக் காட்டுது."

என்னோடு வந்த எழுத்தர் சிரித்துவிட்டார். தெருவில் நின்றவர்களும் சிரித்தார்கள். மெத்தைக்காரரும் சிரித்தார், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல். தெரியும். தெரிந்து என்ன செய்ய. மறுநாளிலிருந்து அலுவலகத்தில் என் பெயர் நாலங்குலம். "நாலங்குலம் வந்தாச்சா?" "நாலங்குலம் கையெழுத்துப் போட்டாச்சா?" கல்யாணமாகிப் போன என் மகள் போன் செய்து, "என்னப்பா, உங்களுக்கு ஏதோ புதுப் பேராமே," என்றாள். பின்னால் மாப்பிள்ளை சிரிப்பது கேட்டது. மானம் போனால் மனுஷனுக்கு என்ன மிச்சம், நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் நான் கோபப்படவில்லை. கோபப்படுகிறவன் மாட்டிக்கொள்வான். குறைகளை ஒரேயடியாகச் சொல்லக் கூடாது, ஒரு தடவைக்கு ஒன்று போதும். முதலில், எல்லாத் தாளிலும் பொறியாளர் கையெழுத்து இல்லை என்றேன். அது வந்ததும், வரைபடத்தில் வடக்குத் திசை காட்டவில்லை என்றேன். அதுவும் வந்தது. பிறகு நானே பக்கத்து வீட்டுக்குப் போய், "படி வந்தா, ஏறி இறங்கறவங்க கண்ணு உங்க குளியலறையிலதான்மா விழும்," என்று ஒரு வார்த்தை போட்டுவைத்தேன். அந்த அம்மாவின் ஆட்சேபம் தானாக வந்து சேர்ந்தது. விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தேன்.

அவர் ஆணையரிடம் மேல்முறையீடு செய்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. முடிவு சொல்பவர் ஆணையர், அந்த முடிவை எழுதிக் கொடுப்பவன் நான். தள்ளுபடி செய்தவனிடமே கோப்பு திரும்பி வரும். நான் பென்சிலில் புள்ளி வைத்த இடத்தில் அவர் கையெழுத்துப் போடுவார். இதை யாரோ மெத்தைக்காரரின் காதில் போட்டிருக்கிறார்கள். விசாரணைக்கு முந்தின நாள் வந்து, என் மேசைமேல் ஒரு புது டேப்பை வைத்தார்.

"அன்னிக்கு நாலு பேர் முன்னால பேசிட்டேன். தப்புதான், மனசுல வச்சுக்காதீங்கண்ணே. பொண்ணுக்குக் கால் சரியில்ல. ஒண்ணுன்னா அவளால ஓட முடியாது."

கண் கலங்கியிருந்தது. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். மறுநாள், அலுவலரை வசப்படுத்தப் பொருள் கொடுத்தார் என்று எழுதி, டேப்பையும் ஆணையர் முன்னால் வைத்தேன். மேல்முறையீடு அத்தோடு முடிந்தது.

தீயை நான் வைக்கவில்லை, அதைத் தனியாக எழுதுங்கள். தையல் மெஷினில் பொறி வந்ததாம். நல்ல மத்தியானம். மெத்தைக்காரர் உத்தரவின் நகல் வாங்க வந்து என் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நகல் தயாராக என் மேசையில்தான் இருந்தது. சும்மா உட்காரவைத்திருந்தேன். அப்போது தீயணைப்பு நிலையத்திலிருந்து போன் வந்தது. சந்துகளின் அகலம் எங்களிடம்தான் இருக்கும், கேட்டுக்கொண்டுதான் வண்டி எடுப்பார்கள்.

"சார், மெத்தைக் கடையில தீ. மேல அம்மாவும் பொண்ணும் மாட்டிக்கிட்டாங்க. ஜன்னல் சந்துப் பக்கம் இருக்காம். ஏணி வண்டி உள்ள போகுமா? சீக்கிரம் சொல்லுங்க."

போகும். உரசாமல் போகும். எனக்கு அது மனப்பாடம். மெத்தைக்காரரைக் கூப்பிட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அன்றைக்கு அந்த உடைந்த டேப்பால் அளந்த அளவைச் சொன்னேன். "அப்ப போகாது சார்," என்று அவர் போனை வைத்தார். தண்ணீர் வண்டி மட்டும் போயிற்று.

பிறகு மெத்தைக்காரரை உள்ளே கூப்பிட்டு நகலைக் கொடுத்தேன். நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். "ரொம்ப நன்றிண்ணே," என்றார். தீயைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போனால் தெரிந்துகொள்ளப் போகிறார்.

ஏன் தப்பான அளவைச் சொன்னாய் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். அங்கேதான் நமக்குள் ஒத்துப்போகவில்லை. உங்கள் ஆட்கள் என்னைப் பிடித்தபோது நான் எங்கே இருந்தேன்? அந்தக் கரிந்த வீட்டு வாசலில். மறுமுனையைப் பிடிக்க யாரும் வரவில்லை, அதனால் ஒரு கல்லை வைத்து அழுத்திக்கொண்டு என் பழைய டேப்பால் இன்னொரு தடவை அளந்தேன். கழித்துப் பாருங்கள் ஐயா. நாலங்குலம் குறையத்தான் செய்கிறது.